வாயாடி வாயடைத்த ஞாயிற்றுக்கிழமை

ஆபரேட்டர் அக்கா என்று சொன்னால்தான் அந்தத் தெருவில் யாருக்கும் தெரியும். சொந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் கூரியர்காரர்கூட இரண்டு வீடு தள்ளிப்போய் விசாரிப்பார். பெரிய ஆஸ்பத்திரி ஒன்றின் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் இருபது வருஷத்துக்கு மேல் உட்கார்ந்திருந்தவள். பிறவியிலேயே பார்வை கிடையாது. ஆனால் எந்த டாக்டர் எந்த நேரத்தில் எந்த வார்டில் இருப்பார், எந்த நர்ஸ் போனை எடுக்கச் சோம்பல்படுவாள், எந்த அறையில் மணி அடித்தாலும் யாருக்கும் கேட்காது என்பதெல்லாம் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஒரு ஹலோவிலேயே, கூப்பிடுகிறவர் அழுது முடித்துவிட்டுப் பேசுகிறாரா, இனிமேல்தான் அழப்போகிறாரா என்று கண்டுபிடித்துவிடுவாள்.

பிறகு ஆஸ்பத்திரிக்குத் தானியங்கி எக்ஸ்சேஞ்ச் வந்து சேர்ந்தது. ஒன்றை அழுத்து, இரண்டை அழுத்து என்று அது எல்லாரையும் அலைக்கழிக்கத் தொடங்க, அக்காவுக்கு ஒரு பாராட்டு விழா நடத்தி, சுவர்க் கடிகாரம் ஒன்றைப் பரிசளித்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பார்வையில்லாதவளுக்குச் சுவர்க் கடிகாரம் கொடுக்கலாம் என்று யோசித்த அந்த மகராசன் யார் என்பது இன்றுவரை தெரியவில்லை. கைதட்டியவர்களில் ஒருவருக்கும் அது உறைக்கவில்லை என்பதுதான் இன்னும் வேடிக்கை.

வீட்டில் சும்மா உட்கார்ந்திருப்பது அவளுக்குச் சுத்தமாக ஒத்துவரவில்லை. பழைய கம்ப்யூட்டர் ஒன்றை வாங்கி, திரையில் இருப்பதையெல்லாம் வாய்விட்டுப் படித்துக்காட்டும் ஸ்க்ரீன் ரீடரை அதில் போட்டுக்கொண்டாள். அதற்கு அவள் வைத்த பெயர் வாயாடி. எந்தச் சாவியைத் தட்டினாலும் வாயாடி பதில் சொல்லும். வாயாடி சொல்ல, அக்கா செய்ய, இருவருமாக ஒரு குடித்தனமே நடத்தினார்கள். மௌஸ் கிடையாது. அம்பு எங்கே நிற்கிறது என்று தெரியாதவளுக்கு அது எதற்கு? எல்லாம் சாவிப்பலகைதான்.

இரண்டு வருஷம் கழித்து ஒரு காப்பீட்டு நிறுவனத்தில் வேலை கிடைத்தது. வீட்டிலிருந்தபடியே, கம்ப்யூட்டர் வழியாக, புகார் சொல்லக் கூப்பிடுகிறவர்களோடு பேசவேண்டும். நேர்காணலில் எல்லாம் நன்றாகவே போனது. கடைசியில் அதிகாரி ஒரு கேள்வி கேட்டார்.

"வீட்ல உதவிக்கு யாராவது இருப்பாங்களா மேடம்?"

"எதுக்கு சார்? நான் தனியாவே பார்த்துப்பேன்."

"இல்ல, திடீர்னு ஏதாவது தடங்கல் வந்தா..."

"வராது சார்."

அதிகாரி சற்று யோசித்தார். "சரி. ஒரு மாசம் பார்ப்போம்" என்றார். அந்த 'பார்ப்போம்' எப்படிப்பட்டது என்று அக்காவின் காதுக்குத் தெரியாதா? முதல் தடங்கலுக்காகக் காத்திருக்கும் பார்ப்போம் அது.

திங்கட்கிழமை காலை வேலையில் சேரவேண்டும். சனிக்கிழமை அலுவலகத்துத் தொழில்நுட்ப ஆள் ஒருவர் அங்கிருந்தபடியே அவள் கம்ப்யூட்டருக்குள் நுழைந்து, என்னென்னவோ புதுப்பித்து, "எல்லாம் பக்காவா இருக்கு மேடம். நாளைக்கு ஒரு தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணிடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். சொன்ன பேச்சைத் தட்டாதவளாக, ஞாயிறு சாப்பாடு முடிந்த கையோடு அக்கா அணைத்து, மறுபடி போட்டாள். விசிறி சுற்றுவது கேட்டது. உள்ளே கிர்ரென்று எழுந்து அடங்கும் சத்தமும் கேட்டது. ஆனால் வாயாடி வாயைத் திறக்கவில்லை.

முதலில் அவள் அலட்டிக்கொள்ளவில்லை. ஹெட்போன் கம்பியைத் தடவிப் பார்த்தாள், சரியாகத்தான் செருகியிருந்தது. பிடுங்கி ரேடியோவில் செருகினாள். ரேடியோவில் யாரோ தக்காளி விலையைப் பற்றிக் கணீரென்று பேசினார்கள். ஆக, ஹெட்போன் மேல் பழியில்லை. அதைத் திரும்பக் கம்ப்யூட்டரிலேயே செருகிவிட்டு, சத்தத்தைக் கூட்டும் சாவியை அழுத்தினாள். சத்தத்தை அடக்கும் சாவியையும் அழுத்தினாள். அந்தச் சாவி ஒரு மாதிரியானது. ஒருமுறை தட்டினால் அடங்கும், மறுமுறை தட்டினால் பேசும். பதற்றத்தில் எத்தனை முறை தட்டினோம் என்பதே அவளுக்கு மறந்துபோனது. திரும்பவும் அணைத்து, திரும்பவும் போட்டாள். விசிறிதான் சுற்றியது.

அப்போதுதான் நிலைமை உறைத்தது. மற்றவர்கள் கம்ப்யூட்டரில் சத்தம் வராவிட்டால், திரையைப் பார்த்துச் சரிசெய்துகொள்வார்கள். அக்காவுக்குச் சத்தம்தான் திரை. அது போய்விட்டால், எது போனது என்று சொல்லக்கூட வழியில்லாத ஒரு தகரப் பெட்டி மேசைமேல் உட்கார்ந்திருக்கும். அலுவலகத்துக்கு இன்று விடுமுறை. விடுமுறையாக இல்லாவிட்டாலும் கூப்பிட்டு என்னவென்று சொல்வது? தடங்கலே வராது என்று வாய் கூசாமல் சொன்னவள், முதல் நாளைக்கு முந்தின நாளே போய் நிற்பதா? வீட்டுக்காரர் குளிர்பதனக் கிடங்கில் ஷிப்ட்டில் இருந்தார். உள்ளே போனைக் கொண்டுபோக விடமாட்டார்கள்.

அக்கா பள்ளிக்கூடத் தோழனுக்குப் போன் போட்டாள். பார்வையற்றோர் பள்ளியில் அவளோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவன். கம்ப்யூட்டரின் அத்தனை சாவிச் சேர்க்கைகளும் விரல்நுனியில் இருப்பதால் அவனுக்குக் குறுக்குவழி என்று பெயர். பார்வையில்லாதவர் யாருடைய கம்ப்யூட்டர் மக்கர் செய்தாலும் முதலில் போன் அடிப்பது அவனுக்குத்தான். நடந்ததையெல்லாம் அக்கா கொட்டித் தீர்த்தாள்.

"டிரைவர் மாறிப்போயிருக்கும்" என்றான் குறுக்குவழி, யோசிக்கக்கூட இல்லாமல்.

"அப்படின்னா?"

"நீ ஆஸ்பத்திரில என்ன வேலை பார்த்த? வெளியிலேர்ந்து ஒருத்தர் கூப்பிடுறார். உள்ள டாக்டர் இருக்கார். நடுவுல நீ இல்லாட்டி ரெண்டு பேரும் பேசிக்க முடியுமா? அதுமாதிரி, உன் கம்ப்யூட்டர் உள்ள சவுண்ட் கார்டுன்னு ஒண்ணு இருக்கு. சத்தம் போடுறது அதான். விண்டோஸ் அதுக்கிட்ட நேரா பேசாது. நடுவுல ஒரு ஆபரேட்டர் வேணும். அதான் டிரைவர். நேத்து வந்த புண்ணியவான் உன் பழைய ஆபரேட்டரை எழுப்பி விட்டுட்டு, புதுசா ஒருத்தனை உக்கார வச்சிருக்கான். அவனுக்கு உன் சவுண்ட் கார்டோட எக்ஸ்டென்ஷன் நம்பர் தெரியல."

அக்காவுக்கு விஷயம் பளிச்சென்று விளங்கிவிட்டது. கோபமும் சேர்ந்து வந்தது. வேலை தெரிந்தவளை எழுப்பிவிட்டுத் தெரியாதவனை உட்கார வைப்பது ஆஸ்பத்திரியோடு முடிந்துபோன கதை என்று நினைத்திருந்தாள்.

"சரி, பழைய ஆளைக் கூப்பிடுறது எப்படி?"

"அதுக்குத் திரையில என்ன இருக்குன்னு தெரியணும். யூஎஸ்பில செருகுற ஹெட்போன் இருக்கா? அதுக்குள்ளயே தனி சவுண்ட் கார்டு இருக்கும், தப்பிச்சிடலாம்."

"ஆபீஸ்லேர்ந்து தரேன்னாங்க. வர ரெண்டு நாள் ஆகும். இன்னிக்குக் கடை கிடையாது."

"அப்ப கண்ணு இருக்கிற ஆள் ஒருத்தர் வேணும். வீட்ல யாரு இருக்கா?"

அக்கா பின்னறைப் பக்கம் காதைத் திருப்பினாள். வீட்டில் நாத்தனார் இருந்தாள். அதுதான் பிரச்சினை.

நாத்தனார் என்றால் வீட்டுக்காரரின் தங்கை. பல் மருத்துவமனை ஒன்றில் டாக்டருக்கு உதவியாளர். வேலை பக்கத்தில் என்பதால் அண்ணன் வீட்டுப் பின்னறையில் தங்கியிருந்தாள். டாக்டர் கேட்பதற்கு முன்பே கருவியை நீட்டிப் பழகிய கை. அந்தக் கை வீட்டிலும் சும்மா இருக்காது. இரண்டு வாரத்துக்கு முன்பு, அண்ணிக்கு ஒத்தாசை செய்வதாக நினைத்துக்கொண்டு, சமையலறை அலமாரியைத் துடைத்து, டப்பாக்களை அழகுக்கு உயர வரிசையில் அடுக்கிவைத்துவிட்டாள். அன்று காபியில் விழுந்தது உப்பு. அக்காவுக்கு வந்ததே ஒரு கோபம். "என் வீட்ல எனக்கு யார் ஒத்தாசையும் வேணாம். கண்ணு இருக்குன்னா எல்லாம் தெரியும்னு அர்த்தமில்ல" என்று கத்திவிட்டாள். நாத்தனாரும் லேசுப்பட்டவள் இல்லை. "இனிமே இந்த வீட்ல ஒரு தம்ளரைக் கூடத் தொடமாட்டேன்" என்று சொன்னவள், சொன்னபடியே இருந்தாள். அன்றிலிருந்து இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. அவசியமானதை மட்டும் வீட்டுக்காரர் நடுவில் மாட்டிக்கொண்டு இங்கிருந்து அங்கும் அங்கிருந்து இங்கும் கடத்திக்கொண்டிருந்தார்.

அவளிடம் போய் நிற்பதற்குப் பதில் வேலையே வேண்டாம் என்று சொல்லிவிடலாமா என்றுகூட அக்காவுக்கு ஒரு நிமிஷம் தோன்றியது. ஒரு நிமிஷம்தான். எழுந்து போய்ப் பின்னறைக் கதவைத் தட்டினாள்.

"என்ன?" என்றாள் நாத்தனார். அண்ணி என்ற சொல் வரவில்லை.

"கம்ப்யூட்டர் பேச மாட்டேங்குது. நாளைக்கு வேலையில சேரணும். கொஞ்சம் வந்து, திரையில என்ன இருக்குன்னு படிச்சுச் சொல்ல முடியுமா?"

கட்டில் முனகியது. செருப்பு தேடும் சத்தம் கேட்டது. அக்காவுக்குப் போன உயிர் பாதி திரும்பியது.

"திரை எங்க இருக்கு?" என்றாள் நாத்தனார், மேசைக்கு முன்னால் வந்து நின்று.

அட, ஆமாம். திரை எங்கே இருக்கிறது? கம்ப்யூட்டரோடு வந்த மானிட்டரை அக்கா எப்போதோ பரண்மேல் ஏற்றிவிட்டாள். மேசையில் பாதியை அடைத்துக்கொண்டு, யாருக்கும் பிரயோஜனமில்லாமல் உட்கார்ந்திருந்த பொருள் அது. நாத்தனார் நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறினாள். இரண்டு தும்மல் கேட்டது. பிறகு மானிட்டரும், அதைச் சுற்றிக்கிடந்த கம்பியும், ஒரு கைப்பிடித் தூசியும் கீழே வந்தன. கம்பியைக் கம்ப்யூட்டரின் முதுகில் திருகினார்கள். மின்சாரம் கொடுத்தார்கள். போன் மேசைமேல் ஸ்பீக்கரில் கிடந்தது. அதில் குறுக்குவழி காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தான்.

"என்ன தெரியுது?"

"ஒண்ணும் தெரியல. ஒரே கருப்பு."

"மானிட்டர்ல விளக்கு எரியுதாம்மா?"

"எரியுது. ஆனா திரை கருப்பு. இத்தனை வருஷம் பரண்ல கிடந்தா வேற என்ன ஆகும்? செத்துப்போயிருக்கும்."

குறுக்குவழி கம்பியைக் கழற்றி மாட்டச் சொன்னான். மாட்டினார்கள். மின்சாரச் செருகியை மாற்றச் சொன்னான். மாற்றினார்கள். கருப்பு கருப்பாகவே இருந்தது. "எனக்கு மானிட்டரைப் பத்தி ஒரு மண்ணும் தெரியாதே ஆபரேட்டர்" என்றான் அவன் பரிதாபமாக. "நான் வாழ்நாள்ல ஒண்ணைக்கூடப் பார்த்ததில்லையே." அக்கா மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். நாளைக் காலை அதிகாரியிடம் என்ன சொல்வது என்று மனசு வாக்கியம் கோக்க ஆரம்பித்திருந்தது. எப்படிக் கோத்தாலும் கெஞ்சலாகவே வந்து முடிந்தது.

"கடைசியா ஒரு தடவை ஆஃப் பண்ணிப் போடு" என்றான் குறுக்குவழி.

போட்டாள். விசிறி சுற்றியது.

"ஏய், தெரியுது" என்றாள் நாத்தனார். "ஏதோ கம்பெனி எழுத்து... ஒரு வட்டம் சுத்துது... நீலமா ஏதோ... அய்யோ, போச்சு. மறுபடியும் கருப்பு."

அக்கா நிமிர்ந்தாள். "எப்பப் போச்சு?"

"எல்லாம் நல்லாத்தான் வந்துச்சு. கடைசியில யாரோ விளக்கை அணைச்ச மாதிரி பட்டுனு போயிடுச்சு."

வாயாடி விழித்துக்கொள்ளும் நேரம் அது. அக்காவுக்கு முகம் சூடேறிப் போனது. விளக்கை அணைத்தது யார் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. வேறு யார், அவளேதான்.

வாயாடியிடம் ஒரு வசதி உண்டு. திரைச்சீலை என்று அதற்குப் பெயர். பார்வையில்லாதவர் வேலை செய்யும்போது பின்னால் நின்று யாரும் திரையைப் படித்துவிடாதபடி, வாயாடி திரையை மொத்தமாகக் கருப்பாக்கிவிடும். காதில் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருக்கும். மானிட்டர் மேசைமேல் இருந்த காலத்தில், அக்கா மனு எழுதும்போதெல்லாம் நாத்தனார் முதுகுக்குப் பின்னால் வந்து சத்தமில்லாமல் நிற்பாள். மூச்சு கேட்குமே. என் கடிதத்தைப் படிப்பதற்கு இவள் யார் என்று பொருமிக்கொண்டு, அக்கா ஒருநாள் சீலையை இழுத்துவிட்டாள். பிறகு மானிட்டரையே பரணுக்கு அனுப்பிவிட்டாள். மானிட்டர் போனபின்பும் சீலை தொங்கிக்கொண்டுதான் இருந்தது. அவளுக்கென்ன தெரியும்? அவளுக்குச் சீலை போட்டாலும் ஒன்றுதான், எடுத்தாலும் ஒன்றுதான்.

சொல்லாமல் சாவியைத் தட்டிவிட்டு, தானாகச் சரியானதுபோல் நடிக்கலாம். அக்காவுக்கு அந்த எண்ணமும் வராமலில்லை. ஆனால் குறுக்குவழி முந்திக்கொண்டான். "ஆபரேட்டர், நீ எப்பவாவது திரைச்சீலை போட்டியா?" ஸ்பீக்கரில் அவன் குரல் அறை முழுக்கக் கேட்டது.

"போட்டேன்" என்றாள் அக்கா. பிறகு நாத்தனார் இருந்த பக்கம் திரும்பி, "நீ பின்னால நின்னு படிக்கிறேன்னு போட்டேன்" என்றாள். சொல்லிவிட்டு விரலால் சாவிகளைத் தட்டினாள்.

நாத்தனார் திரைப்பக்கம் குனிந்தாள். குரலில் ஒன்றும் காட்டிக்கொள்ளவில்லை. "இப்ப தெரியுது" என்றாள்.

வேலை தொடங்கியது. ஆனால் எப்படித் தொடங்கியது என்று கேளுங்கள். சாவி ஒருத்தியிடம், கண் இன்னொருத்தியிடம், அறிவு போனுக்குள். குறுக்குவழி சொன்ன சாவிகளை அக்கா தட்டினாள். கம்ப்யூட்டருக்குள் இருக்கும் உறுப்புகளின் பட்டியல் திறந்தது.

"இங்க ஒண்ணு இருக்கு. அதுக்குக் கீழ அது இருக்கு. அதோ அங்க ஒரு மஞ்சள் இருக்கு" என்றாள் நாத்தனார், விரலால் திரையைத் தொட்டுத் தொட்டு.

"எங்கம்மா?" என்றான் குறுக்குவழி.

"இதோ, இங்க."

"நான் ஊர் தாண்டி உக்காந்திருக்கேன். பக்கத்துல இருக்கிறவளுக்கும் தெரியாது. இங்கன்னா நாங்க ரெண்டு பேரும் எங்கன்னு போய்த் தேடுறது?"

அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்த நிலைமையிலும் வந்தது. "உங்க கிளினிக்ல டாக்டர் எந்தப் பல்லுன்னு எப்படிச் சொல்லுவார்?" என்று கேட்டாள். "அவர் நோயாளியோட வாயைப் பார்த்துச் சொல்ல, நீ திரும்பிப் பார்க்காமலே எழுதிப்பியே, அது எப்படி?"

நாத்தனாருக்கு அதுவே போதுமாக இருந்தது. டாக்டர் பல்லைச் சொல்வதுபோலவே சொல்ல ஆரம்பித்தாள். "மேலேர்ந்து கீழ ஒரே வரிசை. எல்லாம் மூடியிருக்கு, ஒண்ணு மட்டும் திறந்திருக்கு. அதுல 'சவுண்ட்'னு ஆரம்பிக்குது. அதுக்குள்ள ரெண்டு. முதலாவது நல்லாயிருக்கு. ரெண்டாவதுல சொத்தை."

"சொத்தையா?"

"மஞ்சள் முக்கோணம். உள்ள ஒரு ஆச்சரியக்குறி."

குறுக்குவழி அசந்துபோனான். "அப்படி ஒண்ணு இருக்கா? வாயாடி எங்ககிட்ட ஒருநாளும் சொன்னதில்லையே. நாங்க ஒவ்வொண்ணா உள்ள போய்த்தான் கண்டுபிடிப்போம்." அவன் குரலில் பொறாமையும் மகிழ்ச்சியும் கலந்து கேட்டன. "சரி, அதுமேல நில்லுங்க. உள்ள போங்க."

கீழ் அம்பை எத்தனை தடவை தட்டவேண்டும் என்று நாத்தனார் சொல்ல, அக்கா தட்டினாள். ஒருமுறை வலது என்று சொல்லி இடது பக்கம் போய்விட்டார்கள். கிளினிக்கில் வலது என்றால் நாற்காலியில் படுத்திருப்பவரின் வலது. "உன் வலதா, கம்ப்யூட்டரோட வலதா?" என்று அக்கா கேட்க, "இனிமே உங்க வலது" என்றாள் நாத்தனார். சொத்தையின் உள்ளே போனார்கள். இந்தச் சாதனத்தைத் தொடங்க முடியவில்லை என்று அங்கே எழுதியிருந்தது. அந்த வரியைக் கேட்டதும் அக்கா நெஞ்சில் கைவைத்துக்கொண்டாள். கெட்ட செய்திதான். ஆனாலும் இரண்டு மணி நேரமாக மூச்சுக்காட்டாத பெட்டி, முதல் முறையாக என்ன வலிக்கிறது என்று வாய்திறந்து சொல்லியிருக்கிறது.

"பழைய டிரைவருக்குத் திரும்பிப்போறதுக்கு ஒரு பட்டன் இருக்கும், பாருங்க. 'ரோல் பேக்'னு."

"இருக்கு. ஆனா மங்கலா இருக்கு. மத்ததெல்லாம் கருப்பு எழுத்து, இது மட்டும் சாம்பல்."

அக்கா தட்டிப் பார்த்தாள். அது இடங்கொடுக்கவில்லை. பழைய ஆபரேட்டரை எழுப்பி விட்டதோடு நிற்காமல், அவள் முகவரியையும் கிழித்துப் போட்டுவிட்டுப் போயிருக்கிறார் அந்தத் தொழில்நுட்பப் புலி. நாத்தனார் உச்சுக்கொட்டினாள். யாருக்காக உச்சுக்கொட்டுகிறாள் என்று அக்கா கவனித்தாள். அக்காவுக்காகத்தான்.

"பரவாயில்ல" என்றான் குறுக்குவழி. "விண்டோஸ்கிட்டயே எல்லா சவுண்ட் கார்டுக்கும் பொதுவா ஒரு டிரைவர் இருக்கும். பெரிய கெட்டிக்காரன் கிடையாது, ஆனா வேலை நடக்கும். அவனைக் கூப்பிடலாம். 'அப்டேட்'னு இருக்கிறதை அழுத்து. அது நெட்ல தேடட்டுமான்னு கேக்கும். வேணாம், இந்தக் கம்ப்யூட்டர்லயே இருக்கிறதைக் காட்டுன்னு சொல்லு. பட்டியல் வரும்."

பட்டியல் வந்தது. இரண்டே பெயர்கள். ஒன்று நீளமாக, நிறுவனத்தின் பெயரோடு இருந்தது. இன்னொன்று வெறுமனே 'ஆடியோ' என்று முடிந்தது.

"ரெண்டாவது" என்றான் குறுக்குவழி.

"கீழ ஒரு தடவை" என்றாள் நாத்தனார். "நீலம் அதுமேல விழுந்திருக்கு. இப்ப அழுத்துங்க அண்ணி."

அக்கா அழுத்தினாள். இது பொருந்தாமல் போகலாம், பரவாயில்லையா என்று விண்டோஸ் ஒரு பயமுறுத்தல் போட்டது. நாத்தனார் படித்துக்காட்டினாள். "பரவாயில்ல" என்று அக்கா வாய்விட்டே பதில் சொல்லிவிட்டு அழுத்தினாள். பச்சைக் கோடு ஒன்று நகர்வதாக நாத்தனார் சொன்னாள். நகர்கிறது, நகர்கிறது, பாதி, முக்கால். பிறகு ஒரு வாசகம்.

"வெற்றிகரமா முடிஞ்சுதாம். முக்கோணமும் போயிடுச்சு."

அக்கா ஹெட்போனை மாட்டிக்கொண்டாள். ஒரு சாவியைத் தட்டினாள். சத்தம் இல்லை. இன்னொன்றைத் தட்டினாள். இல்லை. நாத்தனார் திரையை நெருங்கிப் பார்த்தாள். "அண்ணி, இருங்க" என்றாள். "கீழ் வரிசை, உங்க வலது கோடி. ஒரு ஸ்பீக்கர் படம் இருக்கு. பக்கத்துல சின்னதா ஒரு பெருக்கல் குறி."

போனுக்குள் குறுக்குவழி சிரித்தான். "ஆபரேட்டர், மத்தியானம் நீ சத்தத்தை அடக்குற சாவியை எத்தனை தடவை தட்டின?"

அக்காவுக்கு எங்கே ஞாபகம்? இன்னும் ஒரு தடவை தட்டினாள்.

வாயாடி வெடித்துக் கிளம்பியது. இரண்டு காதிலும், முழுச் சத்தத்தில், அக்காவுக்குப் பழக்கமான அதே தலைதெறிக்கிற வேகத்தில். அக்கா ஹெட்போனைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டாள். பக்கத்தில் நின்றிருந்த நாத்தனாருக்கும் அது கேட்டது.

"என்ன இது, தையல் மெஷின் ஓடுற மாதிரி. இது பேச்சா? இதுவா உங்களுக்குப் புரியுது?"

"ஒரு எழுத்து விடாம" என்றாள் அக்கா. கண்ணீர் வந்தது, துடைத்துக்கொள்ளவும் தோன்றவில்லை. இத்தனை நேரம் நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த பாரம் அப்படியே இறங்கிப் போனது. வேலை கையைவிட்டுப் போகவில்லை. காது திரும்பி வந்துவிட்டது. இந்த இரண்டையும் மனதுக்குள் மாற்றி மாற்றிச் சொல்லிப் பார்த்தாள். ஒவ்வொரு தடவையும் முதல் தடவைபோலவே ஆறுதலாக இருந்தது. குறுக்குவழி, அந்தத் தொழில்நுட்ப ஆள் திரும்பவும் கைவைக்காதபடி தானாகப் புதுப்பிப்பதை நிறுத்தும் வழியைச் சொல்லிக்கொடுத்துவிட்டு, மைக்கில் பேசிக்காட்டச் சொல்லிக் கேட்டு, நன்றாக இருக்கிறது என்று சான்றும் கொடுத்துவிட்டுப் போனை வைத்தான்.

அறையில் இரண்டு பேர் மட்டும் மிஞ்சினார்கள். மானிட்டரின் கம்பியை நாத்தனார் சுற்ற ஆரம்பித்தாள். சுற்றிக்கொண்டே சொன்னாள்.

"நான் உங்க லெட்டரைப் படிக்கல அண்ணி."

அக்கா திரும்பினாள்.

"நீங்க டைப் அடிக்கிறதைப் பார்த்துட்டு நிப்பேன். கையைப் பார்க்காம, திரையைப் பார்க்காம, எழுத்து அருவி மாதிரி கொட்டும். எனக்கு ஒரு வரி அடிக்க அரை மணி நேரம் ஆகும். கிளினிக்ல கூட எல்லார்கிட்டயும் சொல்லுவேன், எங்க அண்ணி அடிக்கிறதை நீங்க பார்க்கணும்னு. திடீர்னு ஒருநாள் திரை கருப்பாயிடுச்சு. கம்ப்யூட்டர் கெட்டுப்போச்சு போலன்னு நினைச்சுக்கிட்டேன்."

சமாளிப்பதற்கு ஆயிரம் வார்த்தை தெரிந்தவள், ஆஸ்பத்திரியில் எத்தனை பேருடைய கோபத்தை ஒற்றை வாக்கியத்தில் கரைத்தவள், வாயடைத்து நின்றாள். பிறகு கையை நீட்டித் துழாவி, நாத்தனாரின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"தப்பா நினைச்சுட்டேம்மா. அன்னிக்கு அலமாரி விஷயத்துலயும் அப்படிக் கத்தியிருக்கக் கூடாது."

"உப்பு டப்பாவை நானும் மாத்தியிருக்கக் கூடாது" என்றாள் நாத்தனார். "காபியைக் குடிச்சுட்டு உங்க மூஞ்சி போன போக்கைப் பார்த்து உள்ள போய்ச் சிரிச்சேன். அதான் உங்களுக்கு இன்னும் கோபம்னு நினைச்சேன்."

"சிரிச்சியா?"

"கேக்கலையா உங்களுக்கு?"

கேட்கவில்லை. அந்த ஒன்று மட்டும் எப்படியோ காதில் விழாமல் போயிருந்தது. இப்போது இருவரும் சேர்ந்து சிரித்தார்கள். இரண்டு வாரத்துப் பாக்கியையும் சேர்த்துச் சிரித்ததால் அடங்க நேரம் பிடித்தது. சாயங்காலம் ஷிப்ட் முடிந்து வந்த வீட்டுக்காரர், சமையலறையில் இரண்டு குரல்கள் ஒரே நேரத்தில் பேசுவதைக் கேட்டு, வீடு மாறி வந்துவிட்டோமோ என்று வாசலிலேயே நின்றுவிட்டாராம். தன் தூது வேலை போய்விட்டதில் அவருக்கு ஏற்பட்ட நிம்மதியைச் சொல்லி மாளாது.

மறுநாள் காலை அக்கா குளித்து, நல்ல உடுப்பு உடுத்திக்கொண்டு மேசைமுன் உட்கார்ந்தாள். போனில் பேசுவதற்கு நல்ல உடுப்பு எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. வாயாடி வணக்கம் சொல்லி, அக்கா அலுவலகத்து நிரலைத் திறந்ததும், தயார் என்றது. கிளினிக்குக் கிளம்பிய நாத்தனார், "நான் வரேன் அண்ணி" என்று சொல்லிவிட்டுப் போனாள். தெருக்கதவு சாத்துவதும், அவள் செருப்புச் சத்தம் தேய்ந்து மறைவதும் கேட்டன. வீட்டில் அக்கா மட்டும் இருந்தாள். பயம் கொஞ்சம்கூட இல்லை என்று சொன்னால் அது பொய். இரவில் இரண்டு முறை எழுந்துவந்து ஒரு சாவியைத் தட்டிப் பார்த்துவிட்டுப் போனவள் அவள்.

மணி அடித்தது. இரண்டு காதிலும் சமமாக அடித்தது. அக்கா அழைப்பை எடுத்தாள். ஒரு மனிதர் மூச்சு வாங்கினார். வயசானவர், மாடியேறி வந்திருக்கிறார், அல்லது நெடுநேரமாகக் கோபத்தை அடக்கி வைத்திருக்கிறார். அவருக்குப் பின்னால் ஒரு குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. அதற்கும் அப்பால் எங்கோ ஒரு குழந்தை பாடத்தை ஒப்பித்துக்கொண்டிருந்தது. அத்தனையும் தெளிவாக வந்து விழுந்தன.

"ஹலோ" என்றார் அவர், சந்தேகத்தோடு. எத்தனை எண்களை அழுத்தி அலைந்துவிட்டு வந்தாரோ. "ஹலோ, யாராவது இருக்கீங்களா? நான் பேசுறது கேக்குதா?"

"நல்லா கேக்குது சார்" என்றாள் அக்கா. "சொல்லுங்க."